காக்ஸ் பஜார் முகாம்கள்: உள்ளூர் அமைப்புகளின் உழைப்பும் உதவிப் பணத்தின் பாதையும்

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு, ராணுவ ஒடுக்குமுறைக்குத் தப்பி, மியன்மாரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து நாஃப் ஆற்றைக் கடந்தும் வயல்வரப்புகளில் நடந்தும் ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் தென்கோடிக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுக்கு முதலில் சோறும் தண்ணீரும் கொடுத்தவர்கள் காக்ஸ் பஜார் மாவட்டத்தின் உக்கியா, டெக்னாஃப் வட்டங்களைச் சேர்ந்த கிராமத்து மக்கள். பள்ளிக்கூடங்களையும் வீட்டு முற்றங்களையும் அவர்கள் திறந்துவிட்டார்கள். பள்ளிவாசல்களில் துணிமணியும் பணமும் திரட்டினார்கள். 1978-லும் 1991-92-லும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் இதே வழியாகத் தப்பி வந்ததைக் கண்ட ஊர்கள் அவை. இந்த முறை சில மாதங்களுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கை 7 லட்சத்தைத் தாண்டியது. குத்துபாலோங்கைச் சுற்றியிருந்த காட்டு மேடுகள் மூங்கிலும் தார்ப்பாயுமாக மாறி, உலகின் மிகப் பெரிய அகதி முகாமாயின.

உலகம் இந்த நெருக்கடியைக் கவனிக்கத் தொடங்கியதும் ஐ.நா. முகமைகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் காக்ஸ் பஜார் நகரத்துக்கு வந்தன. 2018-ஆம் ஆண்டுக்கான கூட்டு உதவித் திட்டம் 95 கோடி டாலர் கேட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்குக் குடிநீரும் கழிப்பறையும் தடுப்பூசியும் உணவும் ஏற்பாடு செய்வது உள்ளூர் அமைப்புகளால் மட்டும் முடிந்திருக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2017 இறுதியில் முகாம்களில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, அந்நோயைப் பார்த்தே பழகியிராத இளம் மருத்துவர்களுக்கு வெளிநாட்டு மருத்துவ அணிகளின் துணை தேவைப்பட்டது. எனவே பன்னாட்டு அமைப்புகள் ஏன் வந்தன என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. அவை வந்த பின், முதல் நாளிலிருந்து களத்தில் நின்றவர்களுக்கு என்ன இடம் ஒதுக்கப்பட்டது என்பதே ஆராய வேண்டியது. வேலையும் ஆபத்தும் கீழே இறங்க, பணமும் முடிவெடுக்கும் உரிமையும் மேலேயே தங்கிவிடும் ஓர் ஏற்பாட்டுக்கே பெரும்பாலும் கூட்டுப்பணி என்று பெயர் சூட்டப்பட்டது.

இது தெரியாமல் நடந்த ஒன்றல்ல. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சி மாநாட்டில், கொடையாளர் நாடுகளும் ஐ.நா. முகமைகளும் பெரிய தொண்டு நிறுவனங்களும் கிராண்ட் பார்கெயின் என்ற உடன்பாட்டை ஏற்றுக்கொண்டன. 2020-க்குள் மனிதநேய நிதியில் குறைந்தது 25 சதவீதம் முடிந்தவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் முக்கியமான உறுதிமொழி. அந்தக் கெடு முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022-ல், உலக அளவில் நேரடியாக அவர்களைச் சென்றடைந்த பங்கு 1.2 சதவீதம். இடைத்தரகு அமைப்பு ஒன்றின் வழியாகச் சென்றதையும் சேர்த்தால் தொகை கூடும். ஆனாலும் இலக்குக்கு அருகில்கூட வராது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பணம் நடக்கும் வழியைப் பார்க்க வேண்டும். ஒரு பணக்கார நாட்டின் உதவி அமைச்சகத்தில் வங்கதேசத்தைக் கவனிக்க மிகச் சில அதிகாரிகளே இருப்பார்கள். நூறு சிறு அமைப்புகளோடு நூறு ஒப்பந்தம் போட்டு, நூறு கணக்கைச் சரிபார்க்க அவர்களால் முடியாது. ஆகவே பெருந்தொகையை ஓர் ஐ.நா. முகமையிடம் கொடுத்துவிடுகிறார்கள். முகமை அதைப் பிரித்துப் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களிடம் தருகிறது; அவற்றில் சில, மறுபடியும் பிரித்து உள்ளூர் அமைப்பிடம் தருகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு நிர்வாகச் செலவாகக் கழிகிறது. மேல்படிகளில் 7 சதவீதத்தை ஒட்டிய தொகை அதற்கென்று கேள்வியின்றி ஒதுக்கப்படும். கடைசிப் படியில் இருக்கும் உள்ளூர் அமைப்புக்கோ நெடுங்காலம் பல ஒப்பந்தங்களில் அந்தத் தலைப்பில் ஒன்றுமே இருந்ததில்லை. ஐ.நா. அகதிகள் முகமையே பன்னாட்டு நிறுவனங்களுக்கு 7 சதவீதம் தந்துகொண்டிருந்தபோது தேசிய அமைப்புகளுக்கு எதுவும் தரவில்லை. பிறகுதான் 4 சதவீதம் தரத் தொடங்கியது.

நிர்வாகச் செலவு என்றதும் வீண் செலவு என்ற எண்ணம் பொதுமக்களிடம் உண்டு. கொடையாளர்களும் அந்த எண்ணத்துக்குத் தீனி போட்டார்கள். உண்மையில் அது கணக்காளரின் சம்பளம், அலுவலக வாடகை, தணிக்கைக் கட்டணம், ஜீப்பின் பழுதுச் செலவு, ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்கத் தேவையான கையிருப்பு ஆகியவைதாம். கழிப்பறை கட்டும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்டு வளையங்களுக்கும் மூங்கிலுக்கும் கூலிக்கும் பணம் இருக்கும். அதே ஒப்பந்தம் மாதாமாதம் விரிவான கணக்கறிக்கையும், பாலியல் சுரண்டலைத் தடுப்பதற்கான புகார் முறையும், ஆண்டுக்கொரு வெளித் தணிக்கையும் கேட்கும். இவற்றைச் செய்யும் ஆளுக்குச் சம்பளம் அந்த ஒப்பந்தத்தில் இருக்காது. பிறகு மதிப்பீடு செய்ய வருபவர், இந்த அமைப்புக்கு நிர்வாகத் திறன் போதாது என்று எழுதுவார். அதையே காரணம் காட்டி அடுத்த முறை பணம் வேறு கைக்குப் போகும். திறனை வளர்க்கும் பணத்தை மறுத்துவிட்டுத் திறன் இல்லை என்று தீர்ப்பளிக்கும் இந்தச் சுழலே, என் பார்வையில், எல்லாச் சிக்கல்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஐ.நா. முகமைகளையும் தொண்டு நிறுவனக் கூட்டமைப்புகளையும் உள்ளடக்கிய நிலைக்குழு, நிர்வாகச் செலவை உள்ளூர் அமைப்புகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதல் என்பதால் அதை மீறுவோரைக் கேட்பார் இல்லை.

வங்கதேச அரசின் நடைமுறையும் இந்தச் சுழலை இறுக்குகிறது. வெளிநாட்டுப் பணம் பெறும் எந்த அமைப்பும் அரசுசாரா அமைப்புகள் விவகாரப் பணியகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். ரோஹிங்கியா முகாம்களுக்கான திட்டங்கள் எஃப்டி-7 என்னும் நெருக்கடிக்காலப் படிவத்தின் கீழ் வருவதால், அவை பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் நீள்வதில்லை. ஒப்புதல் வந்த பிறகு அகதிகள் நிவாரண ஆணையர் அலுவலகத்திலும் மாவட்ட நிர்வாகத்திலும் அனுமதி வாங்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் கையெழுத்தான திட்டம், அனுமதிகள் முடிந்து முகாமுக்குள் நுழைவதற்குள் பருவமழை நெருங்கிவிடும். மழைக்காலத்தில் மேடுகள் சரியும், பாதைகள் சேறாகும், கட்டுமானம் நிற்கும். பெரிய நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து இந்த மாதங்களை ஓட்டிவிடும். சிறிய அமைப்பு கடன் வாங்கும், அல்லது ஆட்களை நிறுத்தும்.

ஆட்கள் என்றால் அதிலும் ஒரு வேதனை உண்டு. 2017 இறுதியிலும் 2018-லும் பன்னாட்டு நிறுவனங்கள் அவசரமாக ஆளெடுத்தபோது, ஆங்கிலமும் சிட்டகாங் வட்டார மொழியும் தெரிந்த, மாவட்டத்தின் நிர்வாகத்தை அறிந்த ஊழியர்கள் உள்ளூர் அமைப்புகளில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டார்கள். அந்த ஊழியர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். ஆனால் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்து வளர்த்த அமைப்பு வெறுமையாகி நின்றது. பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும்கூட முகாம் வேலைக்குப் போனதால் உக்கியாவிலும் டெக்னாஃபிலும் வகுப்பறைகள் பாதிக்கப்பட்டன. அகதிகளுக்கான உதவி தங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்ற கசப்பு அங்கேதான் முளைத்தது.

இத்தனைக்கும் பிறகு உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் கருணையோ தேசப்பற்றோ அல்ல. அவர்களிடம் இருக்கும் அறிவு வேறிடத்தில் கிடைக்காது. மொழியிலிருந்தே தொடங்கலாம். ரோஹிங்கியா மொழியும் சிட்டகாங் வட்டார மொழியும் நெருங்கிய உறவுடையவை. டாக்காவிலிருந்து வருபவரின் வங்காளியைவிட உக்கியாக்காரரின் பேச்சு அகதிகளுக்கு எளிதாகப் புரியும். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. உடல்நலம், பெண்களின் துயரம் போன்ற கூச்சமான பேச்சுகளில் சொற்கள் விலகுகின்றன. எந்த இடத்தில் விலகுகின்றன என்பதும் அருகில் இருப்பவருக்கே தெரியும்.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு புயல் எச்சரிக்கை. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கடற்கரையைத் தாக்கிய புயல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பின் அந்நாட்டு அரசும், செஞ்சிலுவை இயக்கத்தைச் சேர்ந்த செம்பிறைச் சங்கமும் சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டத்தை உருவாக்கின. கடற்கரைக் கிராமங்களில் தொண்டர்கள் கொடிக்கம்பத்தில் சிவப்புத் துணியின் நடுவே கறுப்புச் சதுரம் வைத்த கொடியை ஏற்றுவார்கள். ஒரு கொடி என்றால் கவனம், இரண்டு என்றால் ஆபத்து, மூன்று ஏறிவிட்டால் உடனே இடம்பெயர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். மின்சாரம் போனாலும் வேலை செய்யும். உள்நாட்டிலேயே வளர்ந்த இந்த முறையைச் செம்பிறைச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டாளிகளும் முகாம்களுக்குக் கொண்டுவந்து, 3,000-க்கும் மேற்பட்ட ரோஹிங்கியா தொண்டர்களைப் பயிற்றுவித்தார்கள். ஆனால் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. கிராமத்தார் கான்கிரீட் புயல் காப்பகங்களுக்குப் போகலாம். அகதிகளுக்கோ முகாமைவிட்டு வெளியேற அனுமதி இல்லை. எனவே முகாமுக்குள்ளேயே கற்றல் மையங்களும் பள்ளிவாசல்களும் சற்று உறுதியான சமூகக் கூடங்களும் ஒதுங்கிடங்களாகக் குறிக்கப்பட்டன; சரிவில் வசிப்பவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் எந்தக் குடிசையில் இருக்கிறார்கள் என்பதைத் தொண்டர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டார்கள். 2023 மே 14 அன்று மோக்கா புயல் வந்தது. அதன் மையம் கடைசி நேரத்தில் மியன்மாரின் சிட்வே பக்கம் கரையேறியது பெரும் நல்வாய்ப்பு. இருந்தும் முகாம்களில் ஆயிரக்கணக்கான குடிசைகள் சேதமடைந்தன; உயிரிழப்பு பதிவாகவில்லை. எல்லைக்கு அப்பால், சிட்வேயைச் சுற்றிய இடம்பெயர்ந்தோர் முகாம்களில் சிக்கியிருந்த ரோஹிங்கியாக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயலின் பாதை பெரும் காரணம் என்பது உண்மைதான். ஆனால் எச்சரித்து அழைத்துச் செல்ல நம்பகமான ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்களா என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

யானைகளின் கதையும் இதைச் சேர்ந்ததுதான். குத்துபாலோங் முகாம், வங்கதேசத்துக்கும் மியன்மாருக்கும் இடையே யானைகள் காலங்காலமாக நடந்த வழித்தடத்தில் அமைந்துவிட்டது. தொடக்க மாதங்களில் யானை மிதித்துப் பத்துக்கும் மேற்பட்ட அகதிகள் இறந்தனர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வங்கதேச அலுவலகமும் ஐ.நா. அகதிகள் முகமையும் சேர்ந்து மூங்கில் காவல் கோபுரங்கள் அமைத்து, அகதிகளையே யானை விரட்டும் அணிகளாகப் பயிற்றுவித்த பிறகு அந்தச் சாவுகள் நின்றன. வழித்தடத்தை அறிந்த உள்நாட்டு ஆய்வாளர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவை எளிதில் தள்ளிவிடக்கூடியவை அல்ல. உள்ளூர் அமைப்பு என்பது எது என்பதிலேயே சச்சரவு உண்டு. 1972-ல் ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய பிராக், வங்கதேசத்தில் பிறந்த நிறுவனம். ஆனால் பல நாடுகளில் பணியாற்றும் உலகப் பெரும் அமைப்புகளில் ஒன்று. ரோஹிங்கியா முகாம்களில் மிகப் பெரிய பொறுப்புகளை ஏற்றதும் அதுதான். அதற்குக் கொடுத்த பணத்தை உள்ளூர் அமைப்புக்குக் கொடுத்ததாகக் கணக்குக் காட்ட முடியும். காக்ஸ் பஜாரின் சிறு அமைப்புகளோ தாங்கள் வேறு, டாக்காவின் பெரிய அமைப்புகள் வேறு என்கின்றன. கோஸ்ட், முக்தி போன்றவை முன்னின்று நடத்தும் மாவட்டத் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பு, பன்னாட்டு நிறுவனங்கள் களப்பணியிலிருந்து விலகி மேற்பார்வையோடும் தொழில்நுட்ப உதவியோடும் நின்றுகொள்ள வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறது. அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதே வேளை, அளவில் சிறியதாக இருப்பதாலேயே ஓர் அமைப்பு மக்களுக்கு நெருக்கமானதாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிடக் கடினமான கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. வங்கதேசம் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ரோஹிங்கியாக்களை அகதிகள் என்றே அரசு அழைப்பதில்லை. வலிந்து இடம்பெயர்க்கப்பட்ட மியன்மார் குடிமக்கள் என்கிறது. உரிமம் தருவதும் ரத்து செய்வதும் அரசின் கையில் இருக்கும்போது, முகாம்களைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு எதிராகவோ, வங்காள விரிகுடாவிலுள்ள பாசன் சார் தீவுக்கு அகதிகளை மாற்றியதைக் கேள்வி கேட்டோ ஓர் உள்ளூர் அமைப்பால் எவ்வளவு தூரம் பேச முடியும்? 2021 மார்ச் 22 அன்று முகாமில் பெருந்தீ மூண்டு சுமார் 45,000 பேர் குடிசை இழந்தபோது, சுற்றியிருந்த முள்வேலி தப்பியோடுவதைத் தடுத்தது என்று அகதிகள் சொன்னார்கள். அதை உரக்கச் சொல்லும் துணிவு வெளிநாட்டுக் குரல்களுக்கே எளிதாக வாய்த்தது. அகதிகளின் நலனும் உள்ளூர் மக்களின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காடு அழிந்ததாலும் கூலி குறைந்ததாலும் நொந்திருக்கும் ஊரின் அமைப்பு, தன் ஊராருக்கும் அகதிக்கும் நடுவே நடுநிலை காப்பது கடினம். ஆகவே பொருள் வழங்கலையும் மருத்துவத்தையும் கல்வியையும் உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம். உரிமை சார்ந்த பேச்சுவார்த்தையை ஐ.நா. அகதிகள் முகமை தன் தோளிலிருந்து இறக்கிவிடக் கூடாது. இந்த இரண்டையும் பிரிக்காமல், எல்லாவற்றையும் உள்ளூர்மயமாக்குவோம் என்று முழங்குவது அகதிகளுக்குத் தீங்கு செய்யும்.

இந்தப் பேச்சு முழுவதிலும் ஒரு தரப்பு காணாமல்போகிறது. அது அகதிகள். 2020 ஏப்ரலில் கொரோனா கட்டுப்பாடுகளால் முகாமுக்குள் வரும் ஊழியர் எண்ணிக்கை பெருமளவு குறைக்கப்பட்டபோது, வீடுவீடாகச் சென்று காய்ச்சல் விசாரித்ததும் கைகழுவச் சொன்னதும் 1,400-க்கும் மேற்பட்ட சமூகச் சுகாதாரப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் ரோஹிங்கியாக்கள். ஆனால் சட்டப்படி அவர்கள் தொண்டர்கள். ஊக்கத்தொகை உண்டு, ஊதியம் இல்லை. தங்களுக்கென ஓர் அமைப்பைப் பதிவுசெய்யவோ வங்கிக் கணக்கு தொடங்கவோ வழி இல்லாததால், எந்தக் கொடையாளரும் நேரடியாக அவர்களோடு ஒப்பந்தம் போட முடியாது. ரோஹிங்கியாக்களுக்காகப் பேசிய அகதித் தலைவர் முஹிபுல்லா 2019 ஆகஸ்டில் பெருந்திரளைக் கூட்டினார். 2021 செப்டம்பர் 29 அன்று முகாமுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அகதிகளே நடத்தும் அமைப்பு சாத்தியமா என்று கேட்பவர்களுக்குத் தமிழகத்தில் விடை இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல்கடந்து வந்த ஈழத்தமிழர்கள், சா.செ.சந்திரகாசன் தலைமையில் 1984-ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார்கள். முகாம்களில் கல்வி, ஊட்டச்சத்து, மனநல ஆலோசனை என்று அது பணியாற்றியது. அதன் ஊழியர்களில் பெரும்பகுதி முகாம்வாசிகளே. இந்தியாவும் 1951 ஒப்பந்தத்தில் சேராத நாடுதான். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் வர முடியாமற்போன காலமும் இருந்தது, ஐ.நா. அகதிகள் முகமைக்குச் சென்னையில் அலுவலகம் இருந்தும் முகாம்களுக்குள் வழக்கமாகச் சென்றுவர உரிமை இல்லை. அப்படியும் அகதிகளின் சொந்த அமைப்பு ஒரு தலைமுறையைப் படிக்க வைத்ததென்றால், அதற்கு அடித்தளம் தமிழக அரசே மாத உதவித்தொகையும் அரிசியும் பள்ளிச் சேர்க்கையும் தந்ததுதான். 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317 கோடி ரூபாய்க்கு அறிவித்த திட்டமும் அந்த வழியில் வந்தது. அடிப்படைத் தேவைகளை அரசு ஏற்க, அகதிகளின் அமைப்பு அதற்கு மேல் கட்டும் இந்தப் பாங்கு காக்ஸ் பஜாரில் இல்லை. அங்கே அடிப்படையே வெளிநாட்டுக் கொடையைச் சார்ந்தது. இன்று இந்தியாவிலும் வழி குறுகிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் செய்த திருத்தம், வெளிநாட்டுப் பணம் பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பதைத் தடை செய்ததோடு, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெரிய நிறுவனம் சிறிய அமைப்புக்குப் பணம் பகிர்ந்து தரும் வழக்கம் அதோடு முடிந்தது.

காக்ஸ் பஜாரில் பணமே சுருங்கிவருகிறது. உணவுக்கென்று ஓர் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உதவி 2023 மார்ச்சில் 10 ஆகவும் ஜூனில் 8 ஆகவும் குறைந்து, 2024-ல்தான் படிப்படியாக மீண்டது. 2025 மார்ச்சில் அது 6 டாலராகும் என்ற அறிவிப்பு வந்து, கடைசி நேரத்தில் தவிர்க்கப்பட்டது. அமெரிக்கா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததன் அடி பல திட்டங்களில் விழுந்தது. மியன்மார் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி ஒன்றரை லட்சம் பேர் புதிதாக வந்துசேர்ந்த காலம் அது. நிதி குறையும்போது உள்ளூர் அமைப்புகளே சிக்கனம் என்ற பேச்சு பன்னாட்டு அரங்குகளில் கேட்கிறது. சம்பளமும் பயணச் செலவும் குறைவு என்பது உண்மையே. ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் பொறுப்பை ஒப்படைப்பது, பழைய ஏற்பாட்டையே குறைந்த விலையில் தொடர்வதாகும்.

2025 ஜூனில் நடந்தது இதைக் காட்டுகிறது. நிதிப் பற்றாக்குறையால் முகாம்களின் கற்றல் மையங்களில் தொடக்க வகுப்புகள் நிறுத்தப்பட்டபோது, உள்ளூரைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அவர்கள் சாலைக்கு வந்து போராடினார்கள். அகதிகள் மீது ஊராருக்கு இருந்த மனத்தாங்கல் இன்னும் கூடியது. அந்த ஆசிரியர்களில் பலர் உள்ளூர்க் கூட்டாளி அமைப்புகளின் பெயரில் ஒப்பந்தம் பெற்றவர்கள். பணத்தை நிறுத்தும் முடிவை எடுத்தவர்கள் மேலே இருக்க, ஆசிரியர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் கீழே இருந்த அந்த அமைப்புகள். திட்டம் பாதியில் நிறுத்தப்பட்டால் எத்தனை மாத முன்னறிவிப்பு, எவ்வளவு இழப்பீடு, அந்தச் செலவை எந்தப் படியில் இருப்பவர் ஏற்பது என்பதை உள்ளூர் அமைப்பு தன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடிகிறதா என்று இனிக் கேட்க வேண்டும். 7 சதவீதம் தருகிறோம் என்ற வாக்குறுதியோடு அந்த வரியும் இருந்தால்தான் அதைக் கூட்டுப்பணி என்று ஏற்க முடியும்.